முதல் பத்து அடி

கண் விழித்து அரை மணி நேரமாகிவிட்டது. நம்பிராஜன் இன்னும் காலைத் தரையில் வைக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரைக்கு நாலு விரற்கடை மேலே தொங்கவிட்டபடி சிமெண்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயது ஆள், திருநெல்வேலியில் ஐந்து மாடி ஜவுளிக்கடையில் இரண்டாம் மாடிப் பட்டுப் பிரிவுக்குச் சூப்பர்வைசர், ஒரு கனைப்புக் கனைத்தால் நாற்பது பெண்கள் முதுகை நிமிர்த்துவார்கள், அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டுத் தரையைப் பார்த்து நடுங்குகிறார் என்றால் யார் நம்புவார்கள். வைத்துத்தான் ஆக வேண்டும். மூத்திரம் முட்டுகிறது. மூன்று எண்ணிவிட்டு வைக்கலாம், ஒன்று, இரண்டு, மூன்று, சரி, இன்னொரு தடவை எண்ணலாம், இந்தத் தடவை நிதானமாக. இடது கால் நல்ல கால், அதை முதலில் வைத்தால் என்ன, வைத்தாலும் அடுத்தது வலதுதானே, மனுஷன் நொண்டியடித்துக்கொண்டே கக்கூசுக்குப் போக முடியுமா, போயும் பார்த்தாயிற்று போன மாசம், சுவரில் தொங்கிய காலண்டரைப் பிடிக்க, அது ஆணியோடு கையில் வந்துவிட்டது. வலி குதிகாலுக்குள் இல்லை, தரைக்குள் இருக்கிறது என்று கொஞ்ச நாளாக அவருக்கு ஓர் எண்ணம். ராத்திரியெல்லாம் தரைக்குள் படுத்துக் கிடந்துவிட்டு விடிந்ததும் இவர் காலுக்காக அது காத்திருக்கிறது. பகலில் வெளிச்சத்தில் நினைத்துப் பார்த்தால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் காலை ஆறு மணிக்கு, கட்டில் விளிம்பில், அது கிறுக்குத்தனமாக இல்லை. வைத்துவிட்டார். ஒன்று. குதிகாலின் அடியிலிருந்து கெண்டைக்கால் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்று ஏறி இறங்கியது, பல்லைக் கடித்தார், இரண்டு, அம்மா என்று வந்ததை முழுங்கினார், மூன்று, நாலு, கதவு நிலையைப் பிடித்தார், ஐந்து, ஆறு, இப்போது கொஞ்சம் இளகுகிறது, ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது அடியில் வலி போய்விடும். எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் பத்தாவது அடியில் போய்விடுகிறது. வலி வருவதைவிட அது போவதுதான் அவருக்குப் பயங்கரமாக இருந்தது, ஏனென்றால் அது போகிற இடத்தில் சந்தனமாரி வந்து நின்றாள்.

அடுப்படியில் உலகம்மை செங்கல்லை அடுப்பில் வைத்திருந்தாள். கட்டிக்கொண்டு வந்து இருபத்தெட்டு வருஷம், புருஷன் நடக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு வலி எத்தனை அணா என்று சொல்லிவிடுவாள். "இன்னிக்கு ரொம்பவோ? செங்கல்லு காஞ்சிட்டு, வந்து ஒக்காருங்க," என்றாள். அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கட்டிலை விட்டால் வீட்டில் அவர் உட்காருகிற ஒரே இடம் அதுதான், ஒரே நேரமும் அதுதான். செங்கல்லை இடுக்கியால் எடுத்துச் சாக்கின் மேல் வைத்து, அதன் மேல் இரண்டு எருக்கிலையைப் போட்டு, இலை சுருங்கி ஒரு பச்சை வாடை கிளம்பியதும், "ம், வைங்க," என்றாள். ஒரு நொடி வைத்து, எடுத்து, இன்னொரு நொடி வைத்து, சூடு பொறுக்கிற பக்குவத்துக்கு வந்ததும் குதியை அழுத்தினார். சுகம். கண் சொருகுகிற சுகம். எத்தனை வைத்தியம் பார்த்தாயிற்று. எலும்பு டாக்டர் படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், குதி எலும்பின் நுனியில் முருங்கை முள்ளைப் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, ஆனால் வலி முள்ளால் இல்லை, பாதத்துக்கு அடியில் ஓடுகிற சவ்வு இறுகிவிட்டது, ராத்திரி தூங்கும்போது சுருங்குகிறது, காலையில் மிதித்ததும் பிய்கிறது, அதனால்தான் முதல் அடியில் உயிர் போகிறது, நடக்க நடக்க இளகிவிடும் என்றார். நடக்க நடக்க இளகிவிடும். அதைக் கேட்டதும் நம்பிராஜனுக்குக் காது அடைத்துவிட்டது. டாக்டர் அதற்குப் பிறகு என்னென்னவோ சொன்னார், தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கித் தரையில் போட்டுப் பாதத்தால் உருட்டணும், படுக்கையிலிருந்து எழும் முன்னால் துண்டை விரலில் மாட்டி இழுக்கணும், மெத்துமெத்தென்று செருப்புப் போடணும், எல்லாவற்றுக்கும் மேலே, நிற்கிற வேலையைக் குறைக்கணும். நிற்கிற வேலையைக் குறைப்பதாம். நிற்பதுதான் சார் வேலையே என்று சொல்ல நினைத்தார், சொல்லவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஆபீஸில் என்று பொய் சொல்லியிருந்தார். மற்றவர்கள் டாக்டரிடம் வலியைக் கூட்டிச் சொல்வார்கள், இவர் குறைத்துச் சொல்லிவிட்டு வந்தார்.

இலை கருகத் தொடங்கியது. உலகம்மை வேறு இலை போட்டாள். அவர் கையால் கண்ணை மூடிக்கொண்டார், மூடக்கூடாது, மூடினால் அந்த நடை வரும், வந்துவிட்டது. பட்டுப் பிரிவில் செருப்புக் கிடையாது. முகூர்த்தப் பட்டு லட்சுமி, அதற்கு முன்னால் செருப்புக் காலோடு நிற்கக்கூடாது என்பது பெரிய முதலாளி காலத்து வழக்கம், எனவே பன்னிரண்டு மணி நேரமும் கிரானைட் தரையில் வெறுங்கால்தான். உட்காரவும் கூடாது. வாங்க வருகிறவர்கள் மெத்தையில் உட்காருவார்கள், விற்கிறவள் நிற்பாள். இதில் எவளாவது கால் வலி என்றால் அது மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்க நம்பிராஜன் ஒரு வழி வைத்திருந்தார். அதைக் கண்டுபிடித்தவரே அவர்தான், அதில் அவருக்கு ஒரு கர்வமும் இருந்தது. முகூர்த்தப் பட்டு என்று போர்டு தொங்குகிற இடத்திலிருந்து கோடிச் சுவரில் இருக்கிற பெரிய கண்ணாடி வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பி வரச் சொல்வார். போக முப்பத்திரண்டு அடி, வர முப்பத்திரண்டு. போகும்போது நாலு எட்டு நொண்டுவார்கள், கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு திரும்பி வரும்போது நேராக வருவார்கள். பார்த்தாயா, மறந்துபோய் நல்லா நடந்துட்டா, நடிப்பை எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நடந்தவளும் சில சமயம் சிரிப்பாள். எத்தனை பேரை அப்படி நடக்கவிட்டிருப்பார், பதினைந்து, இருபது, முகம் ஒன்றும் ஞாபகம் இல்லை, ஒருத்தியைத் தவிர. சந்தனமாரி, சீவலப்பேரிப் பக்கத்துப் பிள்ளை, இருபத்து நாலு வயது, ஒல்லி. கவுண்டருக்குப் பின்னால் வலது குதியைத் தூக்கிக்கொண்டே நிற்பாள், கொக்கு மாதிரி நிக்காதே என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார். அன்றைக்கு அவளும் போனாள், நொண்டினாள், கண்ணாடியைத் தொட்டாள், வந்தாள். வரும்போது தேர் மாதிரி வந்தாள். "திரும்பி வரும்போது நல்லாத்தானே நடக்கே?" என்றார். "நடக்க நடக்கச் சரியாயிரும் அண்ணாச்சி. ஒக்காந்து எந்திச்சாத்தான்..." என்று ஆரம்பித்தாள். அவர் முடிக்கவிடவில்லை. "ஒக்காந்து எந்திக்கதுக்கு இங்க உன்னை யாரு பிள்ளை ஒக்காரச் சொன்னா?" என்றார். தளமே சிரித்தது. நல்ல பதில் என்று அவருக்கே பட்டது. அந்தப் பதிலைச் சாயங்காலம் வீட்டில் வந்து சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

"எருக்கம் பால் பட்டுரப் போவுது, கையைக் கண்ணுல வைக்காதீங்க," என்றாள் உலகம்மை. கையை எடுத்தார். அன்று சாயங்காலம் அவர் வீட்டில் எதையும் சொல்லவில்லை. ஐந்தாம் மாடியில் சாப்பாட்டு அறை, அன்று ஆடித் தள்ளுபடிக் கூட்டம் என்பதால் கூடுதலாக ஆள் எடுத்திருந்தார்கள், உள்ளே இடம் இல்லை. நாலைந்து பேர் மாடிப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவள் ஆக மேல்படியில். லிஃப்ட் கடைக்கு வருகிறவர்களுக்கு, வேலை பார்க்கிறவர்களுக்குப் படிதான். பெல் அடித்ததும் ஆட்களை விரட்டுவதற்காக நம்பிராஜன் நாலாம் மாடித் திருப்பத்தில் வந்து நின்று மேலே பார்த்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். அறைக்குள் உட்கார்ந்திருந்தால் முதல் பத்து அடியும் சமதரையில் போயிருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து வந்திருப்பாள். படியில் உட்கார்ந்ததால் முதல் அடியே படியில். அந்த வலது குதி கீழ்ப்படியில் பட்டதையும், பட்ட வேகத்தில் நெருப்பை மிதித்தது போல் அது மேலே எழும்பியதையும் அவர் பார்த்தார். அவர் மட்டும்தான் பார்த்தார். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் காலடியில் வந்து கிடந்தபோது புடவை விலகிய அந்தக் குதியில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசிய கறை இருந்தது, வீட்டில் அவளும் ஏதோ வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். விசாரிக்க வந்தவருக்கு நம்பிராஜன் தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார், அன்று காலை நானே அவரை நடக்க வைத்துப் பார்த்தேன், காலில் எந்தக் குறையும் இல்லை, வலி இருப்பதாக என்னிடம் சொன்னதும் இல்லை, கவனக் குறைவால் படியில் தவறினார் என்று. அழகான கையெழுத்து அவருக்கு. அவள் அம்மா கடை வாசலில் வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "குதிங்கால் நோவுதுன்னு சொல்லிட்டே கெடந்தாளேய்யா, ஒங்ககிட்ட சொல்லலியா?" சொல்லலியே அம்மா, என்றார். ஏழு வருஷம் ஆகிறது. அதில் ஆறு வருஷத்துக்கு மேல் அவர் நன்றாகத்தான் தூங்கினார், அதையும் சொல்ல வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்த அந்த நொடியில்தான், அடடா, இதுவா, இதைத்தான் அந்தப் பிள்ளை சொல்ல வந்தாளா என்று அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அவளுடைய காலை அவர் தன் காலில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார்.

செங்கல் ஆறிவிட்டது. எழுந்திருக்க வேண்டும், மறுபடியும் முதல் அடி, ஆனால் இது சின்ன முதல் அடி, சூட்டில் சவ்வு இளகியிருக்கும். எழுந்தார், சமாளித்தார். "எண்ணெயை நல்லாத் தேய்ச்சுட்டுப் போங்க, இன்னிக்கு என்னமோ மொகமே செரியில்ல," என்றாள் உலகம்மை. முகம் சரியில்லாததற்குக் காரணம் ஜெயக்கொடி. பட்டுப் பிரிவில் மூன்று வருஷமாக நிற்கிறவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது, எனக்குக் குதிகால் வலி, ஆகவே ஒரு ஸ்டூல் தந்து உதவ வேண்டும் என்று தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டாள். ஸ்டூல் இல்லாமல் இல்லை, சட்டம் வந்தபோது வாங்கிய நாற்பதும் படிக்கட்டுக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, பார்வையிட யாராவது வந்தால் மட்டும் வெளியே வரும். மேனேஜர் கௌதமன் முப்பது வயதுப் பையன், மரியாதையாகப் பேசுகிறவர், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டு, "ஒருத்திக்குக் கொடுத்தா நாற்பது பேரும் கேப்பாங்க அண்ணாச்சி. நாளைக்குக் காலைல ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் எதிர்லயே அந்த அம்மாவை நடக்க விட்டுப் பாத்துருவோம். பொய்னு தெரிஞ்சா அப்படியே கணக்கை முடிச்சு அனுப்பிரலாம். நீங்கதான் அதுல கெட்டிக்காரராமே," என்றார். கெட்டிக்காரர்தான். அவள் எப்படி நடப்பாள் என்று நடக்காமலே சொல்லிவிடுவார். போகும்போது நொண்டுவாள், வரும்போது தேர் மாதிரி வருவாள், வேலை போய்விடும். வாயைத் திறந்து, இந்த வலி அப்படித்தான் சார் என்று சொன்னால், ஒங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். தெரியும் என்றால் இவரும் நிற்க முடியாத ஆள். நிற்க முடியாத சூப்பர்வைசரை எந்தக் கடையில் வைத்துக்கொள்வார்கள், ஐம்பத்து மூன்று வயதில் வேறெங்கே போய் நிற்பது. எட்டு மாதமாக மறைத்ததெல்லாம் மண்ணாகிப் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். அவள் வேலை போகும், வேறென்ன, வேறொரு கடையில் போய் நிற்பாள், படியில் உட்கார்ந்து சாப்பிட மாட்டாள், மாட்டாள் என்று யார் சொன்னது.

பஸ்ஸில் ஓர் இடம் காலியாக இருந்தது. கண்டக்டர், "சார், ஒக்காருங்க," என்றார். "இருக்கட்டும்," என்றார் நம்பிராஜன். எட்டு மாதமாக அவர் பஸ்ஸில் உட்கார்ந்ததில்லை, கைக்குழந்தைக்காரிகளுக்கும் கிழவர்களுக்கும் இடம் விட்டுவிட்டு நிற்கிற தர்மவான் என்று அந்த ரூட்டில் பெயர். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டுமே என்பது யாருக்குத் தெரியும். கடையிலும் மத்தியானச் சாப்பாட்டை ஜன்னலோரம் நின்றபடியே முடித்துக்கொள்வார். ஆத்துப் பாலம் வந்தது, தண்ணீர் கொஞ்சமாக ஓடியது, கீழே யாரோ பாறையில் குதியைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள், பெண்ணா ஆணா என்று பார்ப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. பெண்தான். அவளாக இருக்காது. அவள் எப்படி இருப்பாள், என்ன கிறுக்குத்தனம். சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூடாது. ஜங்ஷன் வந்தால் தெரியும். ஜங்ஷன் வந்தது, தெரியவில்லை. கடையின் பின்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் வழக்கம்போலச் சுவரை ஒட்டியே ஏறினார், நாலாம் மாடித் திருப்பம் இரண்டு மாடி தள்ளித்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நாற்பது பெண்களும் இரண்டு வரிசையில் நின்றார்கள். கௌதமன் கையில் அந்தத் தாளோடு நின்றார். "ம், நடங்கம்மா," என்றார். ஜெயக்கொடி நம்பிராஜனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருக்கும் என்று எதிர்பார்த்தார், இல்லை, இவர் மேல் ஒரு பரிதாபம்தான் இருந்தது. அருகில் வந்தபோது அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீங்க வெசனப்படாதீங்க அண்ணாச்சி. ஒங்களுக்கு இருக்குன்னு நாங்க யாரும் சொல்ல மாட்டோம்," என்றாள். தெரிந்திருக்கிறது. நின்றுகொண்டே சாப்பிடுகிற மனுஷனை அதே வலியில் நிற்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா. எட்டு மாதமாக நாற்பது பேரும் பார்த்தும் பாராதது போல இருந்து இவரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வெட்கத்தில் அவருக்கு உடம்பு கூசியது. அவள் நடந்தாள், நாலு எட்டு நொண்டினாள், கண்ணாடிக்குப் போவதற்குள் நிமிர்ந்துவிட்டாள், திரும்பி வரும்போது ஒரு குறையும் இல்லை. வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. "நல்லாத்தானே நடக்கிறாங்க, இல்லையா அண்ணாச்சி?" என்றார் கௌதமன்.

"நடப்பா சார். இந்த வலி நடந்தாத் தெரியாது." தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "எனக்கும் இருக்கு. எட்டு மாசமா இருக்கு. சந்தனமாரிக்கும் இருந்துது. எங்கிட்ட சொன்னா சார். சொல்லலைன்னு நான் எழுதிக் குடுத்தது பொய்." "யாரு சந்தனமாரி?" என்றார் கௌதமன். அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஏழு வருஷத்தில் கடையில் அந்தப் பெயர் துடைத்த மாதிரி போய்விட்டது. அப்புறம் அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, வயசானவரைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. "என்ன அண்ணாச்சி நீங்க, நேத்து முழுக்க நின்னீங்களே. சரி, நீங்களே ஒருக்க நடந்து காட்டுங்க பாப்போம்."

நம்பிராஜன் நடந்தார். உலகம்மையின் செங்கல் அன்றைக்கென்று பார்த்து நன்றாக வேலை செய்திருந்தது, போதாக்குறைக்குப் பஸ்ஸில் நின்று, படி ஏறி, சவ்வு முழுக்க இளகிக் கிடந்தது. ஐந்து அடி. வலிக்கவில்லை. குதியை வேண்டுமென்றே ஓங்கி மிதித்தார், கிரானைட் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். பதினைந்து, இருபது. நொண்டிக் காட்டலாமா என்று ஒரு யோசனை வந்தது, நடிப்பு என்று எத்தனை பேரைச் சொன்ன வாய், சீ, அதைச் செய்யக் கூடாது. கண்ணாடி வந்தது. அதில் கை கால் சுகமாக, வெள்ளைச் சட்டையில், பொய் சொல்லுகிற ஒரு கிழவன் நின்றான். திரும்பி நடந்தார். அறுபத்து நாலு அடியும் தேர் மாதிரி வந்து நின்றார். "ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி உங்களுக்கு," என்றார் கௌதமன், நிஜமான சந்தோஷத்தோடு. "அந்த அம்மா மேல இரக்கப்பட்டு ஏதோ சொல்லிட்டீங்க. போகட்டும், ஷட்டரைத் தூக்கச் சொல்லுங்க."

அப்போதுதான் அவருக்கு ஒன்று விளங்கியது. உட்கார்ந்து எழுந்தால் மட்டும் முழுசாகத் தெரிகிற வலி, உட்காரவே விடாத கடையில் யார் கண்ணிலும் படப்போவதில்லை. நம்பிராஜன் முகூர்த்தப் பட்டுப் போர்டுக்குக் கீழே, வெறும் கிரானைட் தரையில், காலை நீட்டி உட்கார்ந்தார். "கால் மணி நேரம் பொறுங்க சார். அப்புறம் எந்திச்சுக் காட்டுதேன்," என்றார். "நீயும் ஒக்காரு பிள்ளை." ஜெயக்கொடி மேனேஜரைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், பிறகு புடவையைச் சேர்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கௌதமன் என்ன செய்வதென்று தெரியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது, கல்யாணக் கூட்டம் ஒன்று பேசிக்கொண்டே லிஃப்டில் வந்து இறங்கியது. வரட்டும், எல்லாரும் பார்க்கட்டும். நம்பிராஜன் தரையில் உள்ளங்கையை ஊன்றி, குதிகாலையே கவனித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றையும் காணோம். எட்டு மாதமாக வராதே வராதே என்று கும்பிட்டவர், இப்போது கண்ணை மூடி, சந்தனமாரி, வந்துரு தாயி, என்று கூப்பிட்டார்.